கெப் (பிக்அப்) வண்டியில் டிரெயிலர் கொழுவுவதற்கு முன்: மலையக வீதிகளுக்கான கேள்வி-பதில்

தலவாக்கலைப் பக்கம் வண்டி வேலை பார்க்கிறேன். வாரத்துக்கு இரண்டு பேராவது இதே கேள்விகளோடு வருகிறார்கள். மரக்கறித் தோட்டக்காரர், மாடு வளர்ப்பவர், வீடு கட்டுகிறவர், கோயில் திருவிழாவுக்கு ஜெனரேட்டர் கொண்டுபோகிறவர் என்று பலர். ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கிற நேரத்துக்குள் பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. மீதியும் சேர இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அண்ணே, விக்கிற ஆளு "மூவாயிரத்து ஐந்நூறு கிலோ இழுக்கும்"னாரு. நம்ம ரோட்டுல அவ்வளவும் கொழுவலாமா?

அவர் சொன்ன எண் பொய்யில்லை. ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மெக்ஸ் ஆகியவற்றின் அண்மைக்கால மாடல்கள் சிலவற்றுக்குச் சில நாடுகளில் 3500 கிலோ என்றுதான் போட்டிருக்கிறார்கள். ஆனால் அது பிரேக் உள்ள டிரெயிலருக்கான எண். பிரேக் இல்லாத டிரெயிலர் என்றால் அதே வண்டிக்குப் பெரும்பாலும் 750 கிலோதான். நம்ம ஊரில் ஓடும் சின்ன டிரெயிலர்களில் எத்தனைக்குப் பிரேக் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது, அந்த எண் எப்படி வந்தது என்பது. ஐரோப்பிய விதிப்படி, முழுப் பாரத்தோடு 12 சதவீத ஏற்றத்தில் ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து தடவை நின்று புறப்பட்டுக் காட்ட வேண்டும். அமெரிக்காவின் ஜே2807 என்ற தரத்திலும் 12 சதவீத ஏற்றத்தில் புறப்படும் சோதனை உண்டு. அதோடு அரிசோனாவில் டேவிஸ் அணைக்கட்டுப் பக்கம் ஏறத்தாழ 18 கிலோமீற்றர் நீளமான ஏற்றத்தில், குறித்த வேகத்துக்குக் கீழே போகாமல் ஏறவும் வேண்டும். 12 சதவீதம் என்றால் 100 மீற்றர் போவதற்குள் 12 மீற்றர் உயர்வது. ஏ5, ஏ7 போன்ற பெருந்தெருக்கள் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். பெருந்தெருவிலிருந்து தோட்டத்துக்குள் திரும்பும் கொங்கிரீட் ரோடுதான் அடங்காது.

உங்கள் ரோட்டை நீங்களே அளக்கலாம். ஒரு மீற்றர் நீளமான ரீப்பை (மரச்சட்டம்) ஒன்றை ரோட்டில் வைத்து, மேல்பக்க நுனி தரையில் இருக்க, கீழ்ப்பக்க நுனியை நீர்மட்டம் பார்த்துத் தூக்குங்கள். தூக்கிய நுனிக்கும் தரைக்கும் இடைவெளி 12 சென்றிமீற்றர் என்றால் அது 12 சதவீதம். 20 வந்தால், உங்கள் ரோடு சோதனைக்காரர்கள் பார்த்த ரோடு இல்லை.

அந்த எண்களையெல்லாம் எங்க பாக்கிறது?

சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். சில வண்டிகளில் பொனட்டுக்குள் இருக்கும். நிறை நான்கு வரியாக எழுதியிருந்தால் முதல் வரி வண்டியும் அதன் பாரமும் சேர்ந்த உச்ச நிறை, இரண்டாவது வரி டிரெயிலரும் சேர்ந்த உச்ச நிறை, மூன்றாவது முன் எக்சலுக்கு, நான்காவது பின் எக்சலுக்கு. சீஆர் புத்தகத்தில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) வெற்று நிறையும் மொத்த நிறையும் இருக்கும்; டிரெயிலர் எண்ணை அதில் தேடாதீர்கள். அது வண்டியோடு வரும் கைநூலில்தான் இருக்கும். கைநூல் இல்லையென்றால் மாடல் இலக்கம், சேசி இலக்கத்தைக் கொண்டு முகவரிடம் கேட்டு வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் ஹைலக்ஸும் உங்கள் ஹைலக்ஸும் பார்வைக்கு ஒன்றுதான். எஞ்சின், கியர்பொக்ஸ், வந்த நாடு, வந்த வருடம் வேறென்றால் எண்ணும் வேறு.

கணக்கை ஒருக்கா போட்டுக் காட்டுங்களேன்.

காகிதம் எடுங்கள். ஒரு டபள் கெப் என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்கள் கணக்குக்காக நான் எடுத்தவை. உங்களுடையதைத் தகட்டில் பார்த்துப் போடுங்கள். வெற்று நிறை 1900 கிலோ. வண்டியின் உச்ச மொத்த நிறை 2900. டிரெயிலரும் சேர்ந்த உச்ச நிறை 5000. பிரேக் உள்ள டிரெயிலர் 2500, பிரேக் இல்லாதது 750. கொழுவும் உருண்டையின் மேல் இறங்கக்கூடிய பாரம் 250.

2900 இலிருந்து 1900 ஐக் கழித்தால் 1000 கிலோ. வண்டி தன் முதுகில் சுமக்கக்கூடியது அவ்வளவுதான். இனி உள்ளே ஏறுகிறவர்களைப் பார்ப்போம். ஐந்து பேர், ஆளுக்கு 65 கிலோ, மொத்தம் 325. பின்பெட்டியில் எட்டு மூட்டை உரம், 50 கிலோப்படி 400. இரும்புக் கம்பிக் கூடும் கொழுவும் இரும்பும் 75. ஆக 800. மிச்சம் 200 கிலோ என்று சந்தோஷப்படாதீர்கள், டீசலும் கயிறும் தார்ப்பாயும் ஜேக்கும் சாப்பாட்டுப் பெட்டியும் இன்னும் எழுதவில்லை. அதற்கு ஒரு 100 வைத்தால் மிச்சம் 100.

அந்த 100 தான் டிரெயிலரின் மூக்குக்கு, அதாவது உருண்டையின் மேல் உட்காரும் அதன் முன்நுனிக்கு. டிரெயிலர் ஆடாமல் வர வேண்டுமென்றால் அதன் மொத்த நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொழுவும் உருண்டையில் இறங்க வேண்டும். மூக்குக்கு 100 கிலோதான் இடம் என்றால் டிரெயிலர் 1000 கிலோவுக்கு மேல் போக முடியாது. மற்ற வழியாகவும் பார்ப்போம்: 5000 இலிருந்து வண்டியின் 1900 ஐயும் சுமையின் 900 ஐயும் கழித்தால் 2200. கைநூல் சொல்வது 2500. இந்த மூன்றிலும் எது சிறியதோ அதுதான் உங்கள் எண். ஆயிரம். டிரெயிலருக்குப் பிரேக் இல்லையென்றால் 750.

இந்த 750 இல் டிரெயிலரின் சொந்த நிறையும் அடக்கம். டிரெயிலர் வெறுமனே 350 கிலோ என்றால் நீங்கள் ஏற்றக்கூடியது 400 கிலோ, அதாவது எட்டு மூட்டை.

அப்ப பின்பெட்டிய காலியா விட்டா கூட இழுக்கலாமா?

இழுக்கலாம். அதே உதாரணத்தில் உர மூட்டைகளை இறக்கிவிட்டால் மூக்குக்கு 500 கிலோ இடம் கிடைக்கும். உருண்டையின் எல்லை 250 என்பதால் காகிதத்தில் 2500 வரை வரும். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பின்பெட்டியைக் குவித்துக் கட்டி, "கொஞ்சம்தானே" என்று டிரெயிலரையும் கொழுவுவார்கள்.

மூக்குப் பாரத்தில் இன்னொரு வேலையும் நடக்கிறது. உருண்டை பின் எக்சலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் துலாக்கோல் மாதிரி வேலை செய்யும். பின் எக்சலுக்கு 1.2 மீற்றர் பின்னால் உருண்டை, இரண்டு எக்சலுக்கும் இடையே 3 மீற்றர் என்றால், உருண்டையில் 100 கிலோ வைத்தால் பின் எக்சலில் 140 கிலோ கூடும். முன் எக்சலில் 40 கிலோ குறையும். மழைநேரம் ஏற்ற வளைவில் ஸ்டியரிங் லேசாகிப்போன மாதிரி இருந்தால் காரணம் இதுதான்.

காகிதத்துல 2500 வந்துச்சு. நீங்க எவ்வளவு கொழுவுவீங்க?

டர்போ உள்ள, பராமரிப்பு சரியாக உள்ள வண்டி என்றால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுவேன். 2500 வந்தால் 1650 க்குள் நிற்பேன். டர்போ இல்லாத பழைய டீசல் என்றால் பாதி. எந்தச் சட்டத்திலும் இப்படி எழுதியிருக்காது. இந்த ரோட்டில் வண்டி ஓட்டியும் பிரேக் கழற்றியும் எனக்கு வந்த அளவு இது. காகித எண்ணுக்கு மேலே போகிறதா என்று கேட்டால், அதற்குப் பேச்சே இல்லை.

உயரம் போகப் போக எஞ்சின் இழுவை குறையுதுங்கிறாங்களே, மெய்யா?

மெய். காற்றில் அடர்த்தி குறைகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீத வலுவை இழக்கும். நுவரெலியா நகரம் 1868 மீற்றரில் இருக்கிறது. ஆகவே அங்கே ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் காணாமல் போயிருக்கும். பழைய ஹைலக்ஸில் வரும் 3எல் எஞ்சின், 2779 சீசீ, டர்போ இல்லை. கம்பளையில் மூன்றாவது கியரில் ஏறின பாரத்தை இறம்பொடைக்கு மேலே இரண்டாவதில் ஏற்றவேண்டி வருவது எஞ்சின் கெட்டுப்போனதால் அல்ல. டர்போ எஞ்சின்கள் இந்த உயரத்தைப் பெரிதாக உணர்வதில்லை. தண்ணீர் கொதிக்கும் சூடும் உயரத்தில் குறையும். நுவரெலியாவில் 94 பாகைக்கு அருகிலேயே கொதிக்கும். அதனால் ரேடியேற்றர் மூடியின் ரப்பர் போயிருந்தால் டிரெயிலர் கொழுவும் முன்னே மாற்றிவிடுங்கள். சின்னச் செலவு.

ஏத்தம் ஏறிட்டா போதும்தானே? இறக்கத்துல வண்டி தானா வருமே.

தானாக வரும் என்பதுதான் பிரச்சினை. கொழுவும் பாரத்தை நான் இறக்கத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறேன். ஏற்றத்தில் பாரம் கூடினால் வண்டி மெதுவாகும், நிற்கும், கிளட்ச் நாறும். வெட்கப்பட்டுக்கொண்டு பாதியை இறக்கிவைத்துவிட்டுப் போகலாம். இறக்கத்தில் பாரம் கூடியது தெரியவரும்போது இறக்கிவைக்க இடம் இருக்காது.

ஒரு கணக்கு சொல்கிறேன். கெப்பும் டிரெயிலரும் சேர்ந்து 4 தொன். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு ஏறத்தாழ 55 கிலோமீற்றர். உயரத்தில் கிட்டத்தட்ட 1400 மீற்றர் இறங்குகிறோம். அந்த உயரம் முழுக்கச் சூடாக மாறினால், ஒரு 160 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். பாதியளவு டயர் உருளுவதிலும் காற்றிலும் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை எஞ்சின் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் தாங்க வேண்டும். நீங்கள் எந்தக் கியரில் இறங்குகிறீர்கள் என்பதில்தான் அந்தப் பங்கீடு இருக்கிறது.

அப்பா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டினவர். "ஏறின கியர்ல இறங்கு" என்பார். அவருக்குத் தெரிந்த தொழில்நுட்பம் அவ்வளவுதான். இன்றைக்கும் அதற்கு மேலே சொல்ல எனக்கும் பெரிதாக இல்லை. இறக்கம் தொடங்கும் முன்னே கியரைக் குறையுங்கள். வேகம் பிடித்த பிறகு குறைக்கப் பார்த்தால் கியர் விழாது, நடுவில் நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். ஓட்டோ கியர் என்றால் 'D' இல் விடாமல் கையால் '2' அல்லது 'L' போடுங்கள். பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே வராதீர்கள். வேகம் கூடும்போது ஒருதரம் நன்றாக மிதித்துக் குறைத்து, விட்டு, ஆறவிடுங்கள்.

பிரேக் ஒயிலையும் பாருங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், நம்ம ஊர் ஈரமோ சொல்லவே வேண்டாம். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறினபின் அந்த எல்லை 140 க்கு இறங்கிவிடும். டொட் 4 க்கு 230 உம் 155 உம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி; மிதித்தால் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருதரம் மாற்றுங்கள். டிரெயிலர் இழுக்கிறவர் வருடத்துக்கு ஒருதரம் மாற்றினாலும் நட்டமில்லை.

நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பஸ் ஒன்று வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி ஏழு பேர் இறந்துபோனார்கள். அங்கே டிரெயிலர் எதுவும் இல்லை. சரிவு எப்படிப்பட்டது என்பதற்காகச் சொல்கிறேன். தூரம் மிச்சம் என்று டிரெயிலரோடு அந்தப் பக்கம் இறங்க வேண்டாம்.

எறக்கத்துல நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்தானே?

இல்லை. கியரில் இறங்கும்போது இன்றைய எஞ்சின்கள் டீசல் ஊற்றுவதையே நிறுத்திவிடும்; நியூட்ரலில் ஐட்லிங்குக்கு ஊற்றும். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் மிதியை லேசாக்கும் சேர்வோவும் போய்விடும், ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

பிரேக் நாத்தம் அடிச்சா தண்ணி ஊத்தலாமா?

கூடாது. சிவந்த டிரம்மில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடிப்பு விழும். அகலமான இடத்தில் நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து, அரைமணி நேரம் சும்மா இருங்கள். கட்டை என்றதும் கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, புறப்படும்போது அதை ரோட்டிலேயே விட்டுப் போகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பனிமூட்டத்தில் அதே கல்லில் மோட்டார் சைக்கிள்காரன் ஏறுவான். மரக்கட்டை இரண்டு செய்து, கயிறு கட்டி, டிரெயிலரிலேயே தொங்கவிடுங்கள்.

டிரெயிலருக்குப் பிரேக் வைக்கத்தான் வேணுமா?

கணக்கைப் பாருங்கள். வண்டியும் ஆட்களும் 2300 கிலோ. பின்னால் பிரேக் இல்லாத 750 கிலோ. உங்கள் வண்டியின் பிரேக் வழக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வேலை செய்கிறது. அதுவும் தள்ளுகிற பாரம். ஈர ரோட்டில், வளைவில் மிதித்தால் வண்டியின் பின்பக்கத்தைக் குறுக்கே தள்ளும். 750 க்கு மேலே என்றால் பிரேக் இல்லாமல் கொழுவ வேண்டாம்.

ஓவர்ரன் என்கிற வகையில் டிரெயிலர் முன்னே தள்ளும் தள்ளலே அதன் பிரேக்கை இழுக்கும். வயர் தேவையில்லை, எளிமை. ஆனால் நீண்ட இறக்கத்தில் தள்ளல் ஓயாது, பிரேக்கும் ஓயாது. டிரெயிலர் டிரம்மும் கொதிக்கும். நிறுத்துமிடத்தில் கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள், தொடாதீர்கள். மின்சார பிரேக் என்றால் சாரதிக்குப் பக்கத்தில் ஒரு கொன்ட்ரோலர் வேண்டும். டிரெயிலர் ஆடினால் அதை மட்டும் தனியாகப் பிடிக்கலாம் என்பது பெரிய வசதி.

மணல் அரை கியூப்தான் அண்ணே. அத கெப் இழுக்காதா?

ஒரு கியூப் என்பது 100 கன அடி. காய்ந்த மணல் ஒரு கியூப் ஏறத்தாழ 4500 கிலோ வரும். அரைக் கியூப் 2250. ஆற்றில் அள்ளிய ஈரமணல் இன்னும் கூட. "அரை" என்ற சொல்தான் ஆட்களை ஏமாற்றுகிறது. கால் கியூப் கூட 1100 கிலோவுக்கு மேல், டிரெயிலரின் சொந்த நிறை சேராமல்.

சீமெந்து, உரம் என்றால் மூட்டையை எண்ணினால் கணக்கு முடிந்தது. டீசல் 200 லீற்றர் பீப்பாய் ஒன்று, பீப்பாயோடு 190 கிலோ அளவில். கறவை மாடு, பிரீசியன் இனம் என்றால் ஒன்று 500 கிலோவைத் தாண்டலாம். அதுவும் வளைவில் கால் மாற்றி நிற்கும். அதை நடுவே மறிப்புப் போட்டு, தலை முன்பக்கம் இருக்கக் கட்டுங்கள்.

கொழுந்தைப் பற்றி நம்ம ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மழைநாள் கொழுந்துக்கு நிறுக்கும்போது ஈரத்துக்கென்று எவ்வளவு கழிக்கிறார்கள் என்று மட்டும் நினைத்துப் பாருங்கள். சம்பளத்தில் கழித்த அந்தத் தண்ணீர் டிரெயிலரில் கழியாது, நீங்கள்தான் இழுக்க வேண்டும். லீக்ஸ், கோவா, கரட்டும் அப்படித்தான்: கழுவி ஏற்றினால் கூடும்.

நிறுத்துப் பாக்க தராசு எங்க இருக்கு?

பெரிய பழைய இரும்புக் களங்கள், நெல், உரக் களஞ்சியங்கள், சில தொழிற்சாலைகள் ஆகியவற்றில் லொறி நிறுக்கும் மேடை இருக்கும். கேட்டால் சின்னக் கட்டணத்துக்கு விடுவார்கள். முதலில் வண்டியும் டிரெயிலரும் சேர, பிறகு டிரெயிலரைக் கழற்றி அதை மட்டும், பிறகு டிரெயிலரை மறுபடி கொழுவி, வண்டியின் பின் எக்சலை மட்டும் மேடையில் ஏற்றி. மூன்று எண்.

மூக்குப் பாரத்தை வீட்டில் ஆள் நிறுக்கும் தராசில் பார்க்கலாம். அப்படிப்பட்ட தராசுகள் பலவும் 130 கிலோவுக்கு மேல் தாங்காது. அதனால் பலகை வைக்க வேண்டும். சமதரையில், மூன்று அடி இடைவெளியில் ஒரு பக்கம் செங்கல், மறுபக்கம் தராசு. மேலே உறுதியான பலகை. செங்கல்லிலிருந்து ஒரு அடியில் டிரெயிலரின் மூக்கை, கொழுவும் உயரத்தில் ஒரு முட்டு வைத்து இறக்குங்கள். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் மூக்குப் பாரம். குறைவாக இருந்தால் சாமானை முன்னுக்குத் தள்ளுங்கள். கூடினால் எக்சலுக்கு நேரே கொண்டுவாருங்கள்.

டிரெயிலர் வாலாட்டினா என்ன செய்யிறது?

எக்சிலேட்டரை விடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யப் பார்த்தால் ஆட்டம் கூடும். கால் பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம். ஆட்டம் அடங்கினதும் நிறுத்தி, சாமானை முன்னுக்கு மாற்றுங்கள். வாலாட்டும் டிரெயிலரில் அநேகமாகப் பாரம் பின்னுக்குத்தான் இருக்கும்.

லேண்ட்மாஸ்டர் டிரெயிலர் சும்மா கிடக்கு. அத கெப்புல கொழுவலாமா?

வேண்டாம். லேண்ட்மாஸ்டர் என்பது இரண்டு சில்லு உழவு இயந்திரம். அதன் டிரெயிலர் ஆள் நடக்கிற வேகத்துக்கும் அதற்குக் கொஞ்சம் மேலும் செய்தது. ஸ்பிரிங் இல்லை, பெயரிங்கும் டயரும் வேகத்துக்கு ஏற்றவை அல்ல, விளக்கும் இல்லை.

கராஜில ஒரு ஹுக்கை பம்பர்ல வெல்ட் பண்ணிட்டா போதாதா?

பம்பர் தகரம், சேசிதான் எலும்பு. கொழுவும் இரும்பு சேசியின் இரண்டு தண்டிலும் போல்ட்டால் இறுக வேண்டும். அந்த இரும்பிலும் உருண்டையிலும் எத்தனை கிலோவுக்கு என்று அடித்திருக்க வேண்டும். அந்த எண்ணும் நம்ம "எது சிறியதோ அது" கணக்குக்குள் வரும். வண்டி 2500 இழுக்கும், உருண்டை 1500 க்கு என்றால் கணக்கு 1500. உருண்டை 50 மில்லிமீற்றர் என்றால் அதைப் பிடிக்கும் டிரெயிலரின் கப்லிங்கும் 50 ஆக இருக்க வேண்டும். கிட்டத்தட்டப் பொருந்துவது குழியில் துள்ளிக் கழலும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கீழே குறுக்காகப் போடுங்கள். கப்லிங் கழன்றால் மூக்கு சங்கிலியின் மேல் விழும், ரோட்டில் குத்தாது.

டயர் பாக்கிறதுல என்ன இருக்கு?

பக்கச் சுவரில் அளவுக்குப் பின்னால் ஒரு எண் இருக்கும். 88 என்றால் அந்த டயர் 560 கிலோ சுமக்கும், 100 என்றால் 800, 112 என்றால் 1120. ஒரு எக்சல் டிரெயிலரில் 88 எண் டயர் இரண்டு போட்டிருந்தால் 1120 கிலோவோடு சரி. நான்கு இலக்கமாக இருப்பது தயாரித்த திகதி. 2319 என்றால் 2019 ஆம் வருடம் 23 ஆவது வாரம். டிரெயிலர் டயர் ஓடித் தேயாது, கொல்லையில் கிடந்தே கிழடாகும். ரீபில்ட் டயரைப் பாரமான டிரெயிலருக்குப் போட வேண்டாம் என்பது என் பிடிவாதம்.

இதோடு இன்னொன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 தொடக்கத்தில்தான் திறந்துவிட்டார்கள். இடையில் பழைய கெப்புகளையே தட்டித் தட்டி ஓட்டினோம். ஸ்பிரிங் தட்டுத் தொய்ந்துபோன வண்டிக்கு, அது புதிதாக இருந்தபோது எழுதிய எண் பொருந்தாது. தட்டு ஒன்றைக் கூடுதலாகப் போட்டாலும் உச்ச நிறை ஏறாது. பின்பக்கம் உயர்ந்து தெரியும், அவ்வளவுதான்.

கொண்டை ஊசி வளைவு?

டிரெயிலர் எப்போதும் உள்பக்கமாக வெட்டும். மலைப்பக்கம் கான் (வடிகால்), மறுபக்கம் பள்ளம். வெளியே கொஞ்சம் அகலம் எடுத்துத் திரும்ப வேண்டும். அதற்கு எதிரே பஸ் வரவில்லை என்று தெரிய வேண்டும். ஹோர்ன் அடித்து, நின்று, பார்த்துப் போங்கள். பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கின் அடியில் கையை வையுங்கள். டிரெயிலர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். ஏற்றத்தில் பின்னால் எடுப்பது கிளட்சைத் தின்னும். லோ ரேஞ்ச் இருந்தால் போடுங்கள், ஆனால் மண் ரோட்டில் மட்டும். நான்கு சில்லையும் பூட்டி ஓடும் பழைய வகை வண்டியைக் காய்ந்த தாரில் அப்படித் திருப்பினால் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கும்.

பொலிஸ் பிடிச்சா?

டிரெயிலருக்குத் தனிப் பதிவும் இலக்கத் தகடும் வேண்டும். அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தின் வகுப்பு டிரெயிலரோடு ஓட்ட இடம் தருகிறதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் டிரெயிலரைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். பிரேக் லைட், சிக்னல் டிரெயிலரிலும் எரிய வேண்டும். ஹட்டன் பக்கப் பனியில் இது பொலிஸுக்காக அல்ல, பின்னால் வருகிறவனுக்காக.

தண்ணி டேங்க பாதி நிரப்பினா பாரமும் பாதிதானே, பயமில்லயே?

இந்தக் கேள்விக்கு நானே உதாரணம். உருளைக்கிழங்குக்கு மருந்து அடிக்கவென்று ஆயிரம் லீற்றர் டேங்கைப் பாதி நிரப்பி, பிரேக் இல்லாத டிரெயிலரில் வைத்து இறக்கத்தில் வந்தேன். ஐந்நூறு கிலோதானே என்ற எண்ணம். வளைவுக்கு முன் பிரேக் மிதித்தேன். தண்ணீர் முன்னுக்கு ஓடி ஒரு தள்ளு, விட்டதும் பின்னுக்கு ஓடி ஒரு இழு. வளைவுக்குள் பக்கவாட்டில் ஏறியது. டிரெயிலரின் இடது சில்லு கானுக்குள் இறங்கி, டேங்க் கவிழ்ந்து, தண்ணீர் முழுக்கத் தேயிலைக்குப் போனது. கான் இடதுபக்கம் இருந்ததால் இன்றைக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நிரம்பிய டேங்க் பாரம், ஆனால் ஆடாது. வெற்று டேங்க் லேசு. பாதி டேங்க்தான் மோசம். ஐந்நூறு லீற்றர் வேண்டுமென்றால் ஐந்நூறு லீற்றர் டேங்கை நிரப்பிக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் உள்ளே மறிப்புத் தகடு வைத்த டேங்கை வாங்குங்கள்.

எல்லாம் போட்டுப் பாத்தாச்சு. முந்நூறு கிலோ கூட வருது. என்ன செய்ய?

இரண்டு நடை போங்கள். இரண்டாவது நடையின் டீசல் கட்டாது என்றால், சந்தியில் நிற்கும் பட்டா (சின்ன) லொறிக்காரரிடம் கேளுங்கள். அந்த முந்நூறு கிலோவை மட்டும் ஏற்ற எவ்வளவு என்று பேசிவிட்டுப் பிறகு என்னிடம் வாருங்கள், உங்கள் டிரெயிலர் பெயரிங்குக்குக் கிரீஸ் வைத்து எத்தனை நாள் என்று அதற்குள் பார்த்துவைக்கிறேன்.